கருப்புக் கரை போட்ட வெள்ளை மாடு

எனக்குப் படம் வரைய வராது. இதை ஊரே என்னிடம் சொல்லிப் பார்த்தது. நான்தான் கேட்கவில்லை. தேரடி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி, துண்டுப் பக்கம் நின்று விற்பது என் பிழைப்பு. இருசப்பன் என்று பெயர். கடையில் எல்லோரும் இருசு என்பார்கள். முதலாளிக்குக் கோபம் வந்தால் மட்டும் முழுப் பெயரையும் சொல்வார். ஒரு வேட்டியை எடுத்து ஒரே உதறலில் மேஜை முழுக்க விரித்துக் காட்டச் சொன்னால் அந்த வீதியில் எனக்கு நிகர் ஆள் கிடையாது. அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் மரியாதையாக இருந்திருப்பேன்.

கெடுத்தது அட்டைதான். எழுபதுகளில் எங்கள் ஊர்ப் பக்கம் ரெடிமேட் சட்டை அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. சட்டை கசங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டை வைத்து மடித்து அனுப்புவார்கள். ஒரு பக்கம் சாம்பல் நிறம், மறு பக்கம் பளீரென்று வெள்ளை. யாராவது சட்டையைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் அட்டை கீழே விழும். அதை யாரும் சீந்தமாட்டார்கள், சாயங்காலம் குப்பையோடு குப்பையாகப் பெருக்கி வெளியே தள்ளிவிடுவார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு வெள்ளை அட்டையை வைத்து ஏதாவது செய்யலாமே என்று தோன்றியது. கெட்ட நேரம் வந்தால் இப்படித்தான் நல்ல யோசனையெல்லாம் வரும்.

பொங்கல் நெருங்கினால் பெட்டிக்கடை தவறாமல் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுகிற காலம் அது. சாமி படம், சினிமாக்காரர்கள் படம், கரும்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சிரிக்கிற படம், ஜிகினா தூவியது, தூவாதது என்று வகைவகையாக இருக்கும். சிநேகிதர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் ஆளுக்கொன்று வாங்கித் தபாலில் போடுவோம். நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சட்டை அட்டை கைக்கு வந்த வருஷம் என் மனைவி கஸ்தூரியிடம், கடையில் வாங்கிப் போடுவதில் என்ன பெருமை இருக்கிறது, கைப்பட வரைந்து போட்டால்தானே சிநேகிதம் என்று சொன்னேன்.

“உங்களுக்கு வரைய வருமா?” என்று கேட்டாள்.

“வராம இன்னா? ஸ்கூல்ல வரைஞ்சவன்தான்.”

ஸ்கூலில் வரைந்தது உண்மை. டிராயிங் வாத்தியார் என் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, எது மேல் பக்கம் என்று என்னையே கேட்டதும் உண்மை. இரண்டாவது உண்மையை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தேன். சூரியன் வந்தது. மலை வந்தது; எங்கள் ஊர்க்காரன் மலை வரைய யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை, பல் துலக்கும்போதே எதிரே நிற்கிறது. பானை கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. கரும்பு மூங்கிலாக வந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். மாடுதான் வரமாட்டேன் என்றது. பொங்கல் அட்டையில் மாடு இல்லாமல் எப்படி? கொம்பைச் சின்னதாக வைத்தால் ஆடாகிறது, பெரிதாக வைத்தால் மானாகிறது, திமிலை ஏற்றினால் ஒட்டகமாகிறது. அண்ணாமலையாரே, உனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதும் ஒரு மாடுதானே, அதைக் கொஞ்சம் என் கையில் ஏற்றிவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். அவருக்கு ஆயிரம் வேலை.

ஆனாலும் எல்லோருக்கும் போட்டேன். அதுவும் கவருக்குள் வைக்காமல். அட்டையைப் போஸ்ட் கார்டு அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் படம், மறு பக்கம் விலாசம், மூலையில் ஸ்டாம்ப். கவரில் போட்டால் போஸ்ட்மேன் பார்க்க முடியாதே! தபாலைப் பிரிக்கிறவர்கள் பார்க்க முடியாதே! போகிற வழியெல்லாம் நாலு பேர் கண்ணில் படட்டும் என்கிற பரந்த மனசு எனக்கு.

பதிலும் வந்தது. வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு போயிருந்த ஒரு சிநேகிதன் நேரில் பார்த்து, “கொழந்த ஷோக்கா வரைஞ்சிருக்குதுடா, எத்தனாவது படிக்குது?” என்று விசாரித்தான். அப்போது எனக்குக் குழந்தையே பிறக்கவில்லை. இன்னொருவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது என் அட்டை ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இருந்தது. நல்ல வேளை, படம் உள்பக்கமாக இருந்தது. இவர்களுக்கெல்லாம் ரசனை கம்மி என்று மன்னித்துவிட்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் விடாமல் வரைந்தேன்.

என் சிநேகிதர்களிலேயே நெருக்கமானவன் சக்கரபாணி. கீழ்பென்னாத்தூர்க்காரன், விவசாயக் குடும்பம். எங்கள் கடையில் புடவைப் பக்கம் அவன், வேட்டிப் பக்கம் நான். மத்தியானம் ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவோம். கஸ்தூரிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. எங்கள் கல்யாணத்தில் பெண்ணுக்குச் சகோதரன் நின்று செய்யவேண்டிய சடங்கு வந்தபோது யாரை நிறுத்துவது என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த சக்கரபாணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். அன்றிலிருந்து அவள் அவனுக்குத் தங்கச்சி, அவன் அவளுக்கு அண்ணன். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. எங்கள் மகள் வள்ளி பிறந்தபோது அவள் நாக்கில் சீனித்தண்ணி தொட்டு வைத்ததும் அவன்தான். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார வைக்கணும், வேற எவன் மடியையும் தேடக்கூடாது என்று அப்போதே சொல்லிவைத்தான். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்துகிற வழக்கம் கிடையாது.

அப்பேர்ப்பட்டவனோடு நான் சண்டை போட்டேன். எதற்கு? மாட்டுக்கு.

அந்தப் பொங்கலுக்கு அவனுக்கென்று தனியாக, அவன் வீட்டு மாடு போலவே ஒரு சிவப்பு மாடு வரைந்து தபாலில் போட்டிருந்தேன். பண்டிகை கழிந்து கடை திறந்த அன்று அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். கடையில் முதலாளி இருந்தார், முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு பெரிய குடும்பம் இருந்தது. எல்லோர் நடுவிலும் அட்டையை எடுத்து நீட்டினான்.

“மொதலாளி, இத பாருங்க. எங்க ஊட்டு மாடு இருசு கையில பன்னியா பொறந்திருக்குது.”

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். கல்யாணப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதலாளி சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்தப் பெண் சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

“மாடு மேய்க்கிறவன்கிட்ட படத்த குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்” என்றேன்.

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. “மாடு மேய்ச்சவன்தாண்டா சொல்றேன். அது பன்னி.”

அப்புறம் பேச்சுக்குப் பேச்சு ஏறியது. இனிமேல் உன் மூஞ்சியில் முழிக்கமாட்டேன் என்று யார் முதலில் சொன்னது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் தகராறு உண்டு. அந்த மாசமே அவனுடைய அண்ணன் பாகம் பிரித்துக்கொண்டு போய்விட, நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று கடை வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டான். கிளம்புகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். என்னிடம் வரவில்லை. நானும் மடித்த துண்டையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

வள்ளி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். நடந்தாள், ஓடினாள், தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் போய்ச் சண்டை இழுத்தாள். காது மட்டும் மூளிக்காதாகவே இருந்தது. பார்க்கிறவர்களெல்லாம் பொண்ணுக்கு ஏன் இன்னும் காது குத்தவில்லை என்று கேட்டார்கள். கஸ்தூரியின் தூரத்து உறவுச் சித்தப்பா மகன் ஒருவன் என் மடியில் வைத்துக் குத்துங்கள் என்று தானாகவே முன்வந்தான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பிப் பார்த்தாள். இருசு கூப்பிட்டால் வருகிறேன் என்று அவனிடமிருந்து பதில் வந்தது.

“போய் ஒரு வார்த்த கூப்பிட்டுட்டு வாங்களேன்” என்றாள்.

“நான் ஏன் போவணும்? பன்னினு சொன்னது அவன்.”

“பன்னிய வரைஞ்சது யாரு?”

நான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். எனக்கும் ஆசைதான். மத்தியானம் தூக்கைத் திறக்கும்போதெல்லாம் அவன் ஞாபகம் வரும். கடையில் அவன் இடத்துக்கு வந்த புதுப் பையனிடம் ஒரு நாளாவது சிரித்துப் பேசியிருப்பேனா? ஆனால் பஸ் ஏறிப் போய் அவன் வீட்டு வாசலில் நிற்கக் கால் வரவில்லை. கௌரவம்! துண்டு விற்கிறவனுக்கு இருக்கிற கௌரவத்தைப் பார்த்தால் ஜில்லா கலெக்டர் தோற்றுப்போவார்.

எழுபத்தொன்பதாம் வருஷப் பொங்கலுக்கு முன்னால் கஸ்தூரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வரப்போகிற தை மாசம் காது குத்தியே ஆகவேண்டும், மாமன் மடியில்தான் குத்தவேண்டும், மாமன் சக்கரபாணி அண்ணன்தான், அவரைக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய் அழுதாள். பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அவள் அழுததும் எனக்கு ஒரு வேகம் வந்தது. வேறொருவனாக இருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பான். நான் பிரஷ்ஷை எடுத்தேன். எந்த மாட்டால் போனானோ அதே மாட்டால் அவனைத் திரும்பக் கொண்டுவருகிறேன் பார் என்று ஒரு வைராக்கியம்.

கடையில் மிஞ்சியதிலேயே கனமான, வெள்ளையான அட்டையாகத் தேர்ந்தெடுத்தேன். சிவப்பு மாட்டால்தானே வம்பு வந்தது, இந்தத் தடவை வெள்ளை மாடு என்று முடிவு செய்தேன். வெள்ளை மாட்டில் ஒரு சௌகரியம், வர்ணம் பூச வேண்டியதில்லை, அட்டையே மாடு. பென்சிலால் மெல்லிசாக ஓரம் இழுத்து, ஒரு கண் வைத்து, கொம்பு வைத்தேன். என் கை மீது சத்தியமாகச் சொல்கிறேன், அன்று மாடு வந்தது! மாடாகவே வந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஒரே ஒரு குறை, வெள்ளை அட்டையில் வெள்ளை மாடு இருப்பது கிட்ட வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது.

அங்கேதான் என் தொழில் அறிவு கை கொடுத்தது. வேட்டி வாங்க வருகிறவர்களிடம் நான் தினமும் சொல்கிற ஒன்று உண்டு: கரை இருந்தால்தான் வெள்ளைக்கு எடுப்பு, கரை அடர்த்தியாக ஆக ஆக வேட்டி பளிச்சென்று தெரியும். அந்த ஞானத்தை அப்படியே அட்டையில் இறக்கினேன். இண்டியன் இங்க் புட்டியைத் திறந்து, நாலு பக்கமும் விரல் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று கரை கட்டினேன். மாடு பளிச்சென்று எழுந்து நின்றது. மறு பக்கத்தில் அவன் விலாசத்தையும் ஓரத்தில் என் பெயர், விலாசத்தையும் எழுதினேன்.

படிக்கிற உங்களுக்கு இப்போதே பகீரென்றிருக்கும். நாலு பக்கமும் கருப்பு அடித்த கார்டு எதற்கு வரும் என்று தெரியாதவர் நம் பக்கத்தில் யார்? எங்கள் வீட்டுக்கே எத்தனை வந்திருக்கிறது. யாராவது செத்தால், கருமாதிக்கு நாள் குறித்தால், அப்படித்தான் அச்சடித்து அனுப்புவார்கள். வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்து வெளியே போட்டுவிடுவோம், வீட்டுக்குள் கொண்டுபோகமாட்டோம். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் மாடு வந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தவனுக்கு அன்று கரை கரையாகத்தான் தெரிந்தது. கஸ்தூரியிடம் காட்டியிருந்தால் பிடுங்கி அடுப்பில் போட்டிருப்பாள். காரியம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காட்டாமலே எடுத்துக்கொண்டு போனேன்.

தபாலாபீசில் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி நீட்டினேன். உள்ளே இருந்தவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மற்ற நாளில் எரிந்து விழுகிற மனுஷன் அன்று எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். “நீங்க போங்க சார், இத நான் முதல்ல அனுப்பிடறேன்” என்று மெதுவாகச் சொன்னார். கலையை மதிக்கிறவன் எங்கே வேண்டுமானாலும் இருப்பான் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். வீட்டுக்கு வந்து, அண்ணனுக்குக் கார்டு போட்டாச்சு என்று மட்டும் கஸ்தூரியிடம் சொன்னேன்.

போகிக்கு முதல் நாள் காலை, கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலையை முடிக்கவேண்டியிருந்தது. கட்டில், பெஞ்சு, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் தூக்கித் தெருவில் போட்டிருந்தோம். நான் உள்ளே ஏணி மேல் நின்று மட்டையால் அடித்துக்கொண்டிருந்தேன். பாதி சுவருக்கு, மீதி எனக்கு. தலை, மீசை, மார்பு எல்லாம் வெள்ளை. கஸ்தூரி அடுப்பங்கரைக் கரியெல்லாம் சுரண்டிவிட்டு, முடி அவிழ்ந்து, வியர்வையில் பொட்டு கரைந்து, வாசலில் காலியான கட்டில் பக்கத்தில் ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். வள்ளி தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி!” என்று தெருவில் ஒரு குரல் கேட்டது.

ஏணி மேல் அடிப்பதை நிறுத்தினேன். சக்கரபாணி குரல். வந்துவிட்டான்! மாடு கொண்டுவந்துவிட்டது!

“அண்ணா, வாங்க. வந்துட்டீங்களா? கார்டு கெடச்சுதா?” என்று கஸ்தூரி எழுந்தாள்.

“கெடச்சுதும்மா” என்றவன் அதற்கு மேல் பேச முடியாமல் ஓவென்று அழ ஆரம்பித்தான். ஆம்பிளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. கஸ்தூரிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. “அழாதீங்கண்ணா, அழாதீங்க” என்றாள்.

“அவன் படத்த பாத்து சிரிச்சேனேம்மா. நாலு பேருக்கு முன்னாடி சிரிச்சேனே. அந்தக் கைய மாதிரி இன்னொரு கை வருமா?”

ஏணி மேல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அப்படியொரு சந்தோஷத்தை அனுபவித்ததில்லை. ஒரு மனுஷனை அழவைத்துவிட்டேன், அதுவும் வெறும் இண்டியன் இங்க்கால்! உடனே இறங்கிப் போயிருக்கலாம். இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லட்டுமே என்று காத்திருந்தேன். சொன்னான். தங்கமான மனுஷன் என்றான். அவன் அருமை எனக்குத் தெரியாமல் போச்சே என்று தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. கலைஞனாகப் பிறந்தால் இப்படி ஒரு நாளாவது வாய்க்கவேண்டும் என்று கண் கலங்கிப்போய் நின்றேன்.

“அவரு மனசுல ஒண்ணும் வெச்சினு இல்லண்ணா. உள்ளதான் இருக்காரு, போய் பாருங்க” என்றாள் கஸ்தூரி.

நான் இறங்கினேன். நிலைப்படிக்கு வந்தபோது அவன் பையிலிருந்து ஒரு பெரிய மாலையை எடுத்துக்கொண்டிருந்தான். சாமந்தி, நடுநடுவே ரோஜா. எனக்கு மாலை! அவ்வளவு தூரம் வேண்டாம், ஒரு சால்வை போதும் என்று நினைத்துக்கொண்டே அடக்கமாகக் குனிந்து கழுத்தை நீட்டினேன்.

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நான் குனிந்து நிற்க, அவன் கட்டில் மேல் விழுந்து, கட்டிலோடு சேர்ந்து கவிழ்ந்தான்.

“இன்னாடா?” என்றேன்.

“நீ... நீ சாவலையா?”

“நான் ஏண்டா சாவணும்?”

கவிழ்ந்த கட்டிலுக்குள் கிடந்தபடியே என்னைப் பார்த்தான். மெல்ல எழுந்தான். கையை நீட்டி என் தோளைத் தொட்டுப் பார்த்தான், சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் மாலையை இரண்டாக மடித்து என்னை அடிக்க ஆரம்பித்தான். முதுகில், தோளில், தலையில் என்று கிடைத்த இடமெல்லாம் விழுந்தது. பூவெல்லாம் உதிர்ந்து வாழைநார்தான் மிஞ்சியது. நாராலும் அடித்தான். தெருவே சிரித்தது. இந்தத் தடவை யார் சிரித்ததும் எனக்கு உறைக்கவில்லை. அடி விழ விழ எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கஸ்தூரிதான் நடுவில் புகுந்து விலக்கினாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. “கருப்பு கட்டியா அனுப்பினீங்க? கருப்பா? உங்களுக்கு புத்தி எங்க போச்சு?” என்று அவளும் தன் பங்குக்கு என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, “அண்ணா, எழவுக்குனு கெளம்பி வந்துட்டீங்க. தலைக்குக் குளிக்காம உள்ள வரக்கூடாது” என்றாள்.

அவனைக் கொல்லைப்புறக் கேணிக்கு அழைத்துப் போனேன். வள்ளியும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தாள். நான் இறைத்து ஊற்ற ஊற்ற அவன் துணி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். கார்டு போனபோது அவன் நிலத்தில் மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தானாம். வீட்டில் அவன் அம்மா கன்னியம்மாள் வாங்கியிருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நாலு பக்கமும் கருப்பைப் பார்த்ததும் ஐயோ என்று கிழித்து வேலி ஓரம் வீசிவிட்டார். இவன் வந்து தேடியபோது ஒரு துண்டுதான் கிடைத்தது. அதில் ஒரு பக்கம் என் பெயரும் விலாசமும், திருப்பினால் ஓரத்தில் கருப்பு.

“உனக்கு அப்பாவும் இல்ல அம்மாவும் இல்ல. ஊட்ல இருக்கறது மூணே பேரு” என்றான். “தங்கச்சியா இருக்கும்னு நெனைக்க மனசு வரல. கொழந்தைய அப்டி நெனைக்கவே முடியல. செரி, செத்தது நீதான்னு முடிவு பண்ணிட்டேன்.”

“மூணு பேர்ல என்னத்தான் சாவடிக்க முடிஞ்சுதா உனக்கு?”

“வேற யார சாவடிக்கறது? பஸ்ஸுல உக்கார எடம் இல்ல. இங்க வர்ற வரைக்கும் நின்னுனே அழுதுனே வந்தேன். கண்டக்டர் டிக்கெட்டே கேக்கல.”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றியிருக்கலாம். ஆனால் நான் யார்? நாலு குடம் ஊற்றியும் அந்தக் கேள்வியை அடக்க முடியவில்லை.

“மாடு எப்டிடா இருந்துது?”

“எந்த மாடு?”

“கார்டுல வரைஞ்சிருந்தேனே. வெள்ள மாடு.”

“வெறும் வெள்ளையாதாண்டா இருந்துது” என்றான். “நான் உன் பேர மட்டுந்தான் பாத்தேன்.”

என் வாழ்நாளில் வந்த ஒரே ஒரு நல்ல மாடு. அதை ஒரு ஜீவன்கூடப் பார்க்கவில்லை. கன்னியம்மாள் கிழித்தபோது குறுக்கே போனதோ நெடுக்கே போனதோ, கீழ்பென்னாத்தூரில் ஏதோ ஒரு வேலியில் காற்றில் பறந்துவிட்டது. வயிறு எரிந்தது. கொஞ்ச நேரம்தான். முகத்தில் தண்ணீர் வழிய அவன் என் எதிரே உட்கார்ந்திருந்தான். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

“ஏண்டா, பஸ்ஸு இருக்குது இல்ல? ஏறி வந்து வாடானு சொன்னா வந்திருக்கமாட்டேனா?” என்று கேட்டான்.

“நீ மட்டும் ஏன் வரல?”

“வந்துட்டேன் இல்ல” என்றான்.

கஸ்தூரி புது வேட்டியும் துண்டும் கொண்டுவந்தாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, கேணியடிச் சேற்றை மிதித்துக்கொண்டிருந்த வள்ளியைப் பார்த்தான். “இவ்ளோ பெருசா வளந்துட்டாளே” என்று பக்கத்தில் இழுத்தான். சேறு ஒட்டிய முடியைக் காதோரம் ஒதுக்கியவன் கை அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பக்கக் காதைப் பார்த்தான். முகத்தைத் திருப்பி அந்தப் பக்கக் காதையும் பார்த்தான்.

“இன்னாம்மா இது? இன்னுமா காது குத்தல? நான் வரலன்னதும் வேற யார் மடியிலயாவது எப்பவோ குத்தியிருப்பீங்கனு நெனச்சினு இருந்தேன்.”

“மாமன் வராம எப்டிண்ணா குத்தறது?” என்றாள் கஸ்தூரி.

அவன் வள்ளியின் காதை இரண்டு விரலால் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது. பஸ்ஸில் அழுத அழுகைக்குக் காரணம் என் கருப்புக் கரை. இந்த அழுகைக்கு நான் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. அவன் அழுவதைப் பார்த்து நானும் அழுதுவிடுவேன் போலிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், துவட்டி முடித்த தலை மேலேயே இன்னொரு குடம் தண்ணீரை ஊற்றினேன்.